மல்லாட்டைக் காட்டு மணி

சேவூரில் தறி இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் முன்கட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தறியைப் பிரித்துப் பின்கட்டுக்குக் கொண்டு போகிறான் என்றால் சும்மா விடுவார்களா? ஜோசியக்காரன் ஏதோ சொல்லிவிட்டான் என்றார்கள். இல்லை, ரெண்டாம் கல்யாணத்துக்கு முன்கட்டை ஒழிக்கிறான் என்றார்கள். அந்த ஒருத்தன் சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், தலையில் பாதிக்கு மேல் நரை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்கட்டில் சுவரோரமாகக் குழி வெட்ட ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு பாஞ்சாலை நூல் சுற்றுகிறவள். கையில் குழம்புக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாண்ணா, தறிக்குழி வெட்டறியா, கெணறு வெட்டறியா?”

“தறியப் பின்னால போட்டுக்கலாம்னு.”

“முன்னால வெளிச்சத்துக்கு இன்னா கொறச்சல்? இந்த இருட்டுல நூலு அறுந்தாக்கூடத் தெரியாதே.”

“பல்பு போட்டுக்கறேன்.”

“சொவத்த ஒட்டி வெட்டறியே, பக்கத்துல ஒரு ஆளு குந்த எடம் வேணாமா?”

“வேணாம்.”

பாஞ்சாலை கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். “கருவாட்டுக் கொழம்பு. சோறாவது ஆக்கினியா?”

“காலைல ஆக்கினது கீது.”

“காலைல ஆக்கினதா, நேத்து ஆக்கினதா? உன் குண்டானை நான் பாக்கலன்னு நெனச்சிகினு கீறியா?” என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

இடம் வேண்டாம் என்றதுதான் விஷயம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற சேலைக்கு ஒருத்தர் போதாது. குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறவர் உடலுக்கு ஊடுநூல் கோத்த நாடா தள்ளுவார். கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து செல்லம்மாள்தான் சின்னப்பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிள்ளை குட்டி இல்லை. தறியும் அவர்கள் ரெண்டு பேரும்தான். எமர்ஜென்சி வருஷத்தில் வயிற்றில் கட்டி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அவள் போன பிறகு ஒரே நிறத்துச் சேலையாக, ஒரு ஆள் நெய்கிற சேலையாக முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். கைக்குத்தான் அது தெரியவில்லை. ஒரு இழை தள்ளியதும் கை தானாக நின்றுவிடும். பக்கத்திலிருந்து கரை நாடா வந்து சேர வேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்கும். மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் நாள் முழுக்க எத்தனை இழை இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். அந்தக் காலி இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனால் நெய்ய முடியவில்லை. பக்கத்தில் சுவர் இருந்தால் கை ஏமாறாது என்று கணக்குப் போட்டான்.

புதுக் குழி வெட்டினால் ஈசானி மூலையில் குண்டுமணி அளவாவது பொன் புதைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட வேண்டும். அதற்கப்புறம் அந்தக் குழியில் கடப்பாரை படக் கூடாது. இது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சின்னப்பையன் வீட்டில் பொன் ஏது? தாலிப் பொட்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. கடைசிக் காலத்தில் கயிற்றில் மஞ்சள் கிழங்கைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு அவளோடு எரிந்தது. மிஞ்சியது கயிற்றிலிருந்து முன்னாலேயே உருவி ஒரு டப்பாவில் போட்டு வைத்த சிவப்பு மணிகள் மட்டும்.

அவையும் கடையில் வாங்கியவை இல்லை. செல்லம்மாள் தேவிகாபுரத்துப் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற ஊர். “மழ பெஞ்சு விட்டா எங்க மல்லாட்டைக் காட்டுல செவப்பு மணியா மேல வந்து நிக்கும். ஓட்ட போட்டே கெடக்கும். யாரு போட்ட ஓட்டையோ” என்று சொல்வாள். சின்ன வயசில் பொறுக்கி வைத்திருந்தாள். கல்யாணத்துக்குத் தாலிக் கயிற்றில் கோக்கப் பவழம் போடச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டில். அவள் அப்பனால் முடியவில்லை. பொறுக்கியதையே கோத்துக்கொண்டு வந்தாள். “பவழம் கேட்டா மண்ணுல பொறுக்கினத மாட்டிகினு வந்து நிக்கறா” என்று சின்னப்பையனின் அம்மா சாகிற வரைக்கும் குத்திக்காட்டினாள். சின்னப்பையன் ஒரு நாளும் குறுக்கே பேசவில்லை. அது இப்போது அவனை வந்து அறுத்தது.

அந்த மணிகளைத்தான் ஈசானி மூலையில் ஒரு சாண் தோண்டிக் கொட்டி மூடினான். பக்கத்தில் உட்கார இடம் இல்லாவிட்டாலும் அவள் இங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தான்.

தறியை இறக்கி உட்கார்ந்து மிதித்தால், மிதிப்பலகை தரையில் இடிக்கிறது. முன்கட்டுக் குழி அவன் அப்பா வெட்டியது, அதன் ஆழத்தை அளந்து பார்க்க இவனுக்குத் தோன்றவில்லை. இப்போது என்ன செய்வது? கூடாது என்று தெரிந்தும் கடப்பாரையை எடுத்தான். நாலு போடு போட்டிருப்பான், மூலையில் மண் பொத்தென்று உள்ளே இறங்கியது. குனிந்து பார்த்தான். அடியில் ஒரு மண் தொட்டி. மாட்டுத் தொட்டியில் பாதி நீளம், அடியில் குட்டைக் குட்டையாகக் கால் வைத்தது. மூடி உடைந்து, சரிந்த மண்ணோடு உள்ளே எலும்பு தெரிந்தது.

உயிரே போய்விட்டது அவனுக்கு. நேரே ஜெகநாதன் வாத்தியாரிடம் ஓடினான். ஓடியிருக்கக் கூடாது என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். வாத்தியார் பழைய பொருள் கண்ணில் பட்டதென்றால் சோறு தண்ணி மறந்துபோகிற ஆள். மெட்ராஸில் ஒரு யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டார். பத்து நாளில் ஜீப் வந்து நின்றது. தேவகி என்று ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், அங்கே மியூசியத்துக்குப் பொறுப்பானவர். கூட மாணவர்கள். பின்கட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். வீட்டுக்காரனே கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

தூரிகையால் தள்ளித் தள்ளி, சல்லடையில் சலித்துச் சலித்து எடுத்தார்கள். கருப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னச் சட்டிகள் வந்தன. மூணாம் நாள் ஒரு பையன் சிவப்பு மணி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அப்புறம் இன்னொன்று. வந்துகொண்டே இருந்தன, அவன் கொட்டியதற்கு மேலேயே. எல்லோரும் கை தட்டினார்கள். சின்னப்பையன் கயிற்றை எட்டிப் பிடித்தான். அவன் மணி புதைத்த மூலை மண் முழுக்க அந்தத் தொட்டிக்குள்தான் சரிந்திருக்கிறது.

“தம்பி, அது வந்து…”

“தள்ளி நில்லுங்கய்யா, மண்ணு சரியும்.”

குழாயடியில் பாஞ்சாலையைப் பார்த்தபோது சொன்னான். “அதுல செல்லம்மா மணி கலந்துகினு கீது, பாஞ்சாலை.”

“மெதுவாப் பேசு. யாராச்சும் கேட்டுகினு போனா பேஜாராயிடும். மண்ணுக்குள்ள கெடச்சா கவர்மெண்டு பொருளாம், தாசில்தார் ஆபீசு பியூன் சொல்லிகினு போறான். என்னுதுன்னு நீ வாயத் தெறந்தா, மீதிப் பொதையல எங்கடா வெச்சிருக்கேன்னு இஸ்துகினு போயி முட்டிக்கு முட்டி தட்டுவானுங்க.”

“மணி மட்டும்தானே கேக்கறேன்.”

“அத அவனுங்க கிட்ட எப்பிடி ரூபிப்பே? ஸ்டேசன்லேருந்து உன்ன இட்டுகினு வர எனக்கும் நாதி இல்ல, உனக்கும் யாரும் இல்ல. கம்முனு கெட.”

கம்மென்று கிடந்தான். பஞ்சு வைத்துப் பெட்டி பெட்டியாகக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். தேவகி அம்மா கிளம்பும்போது அவனைக் கூப்பிட்டு, “உங்களாலதான் ஒரு பெரிய விஷயம் கெடச்சிருக்கு” என்றார். அவன் தலையை ஆட்டினான். குழியை மூடித் தறியை மறுபடி முன்கட்டுக்கே கொண்டு வந்தான். கை மறுபடி நின்று நின்று காத்துக்கொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை எடுத்துப் பார்க்க டப்பாவில் மணிகூட இல்லை. செல்லம்மாள் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு அடையாளமும் இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் ஜெகநாதன் வாத்தியார் மெட்ராஸ் போய்விட்டு வந்து, தெருவில் நிறுத்திச் சொன்னார். “டேய், உன் வீட்டுச் சாமானையெல்லாம் கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்கடா. மணியெல்லாம் கோத்து, லைட்டு போட்டு, பாத்தா கண்ண எடுக்க முடியல. யாரு வேணா போயி பாக்கலாம். டிக்கெட்டுகூட இல்ல.”

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றதைக் கேட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரெல்லாம் பார்க்கிறது, நமக்கு மட்டும் இல்லையா என்று இருந்தது. உதைத்தாலும் உதைக்கட்டும், கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு கட்டி, புளிச்சோறு கட்டிக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் ஏறினான்.

பீச்சுக்கு எதிரே இருந்த மியூசியத்தில் கூட்டம் இருந்தது. காலேஜ் பிள்ளைகள், பீச்சுக்கு வந்த குடும்பங்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். அவனை யாரும் தடுக்கவில்லை. ஒரு மூலையில் அவன் வீட்டுத் தொட்டி கண்ணாடிக்குள் இருந்தது. முன்னால் கருப்பு வெல்வெட்டில் சிவப்பு மணி மாலை. விளக்கு பட்டு ஒவ்வொரு மணியும் உள்ளுக்குள் எரிகிற மாதிரி இருந்தது. அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தான். சேவூர், ஆரணி வட்டம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண்ணை அடக்கம் செய்த ஈமத் தொட்டி. பெயர் தெரியவில்லை. அவள் அணிந்திருந்த மாலை.

பக்கத்தில் ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக் காட்டினாள். “பாத்தியா, அந்தக் காலத்துலயே எவ்ளோ அழகாப் போட்டிருக்கா.”

“யாரும்மா போட்டிருந்தா?”

“யாரோ. பேரு தெரியலையாம்.”

அவனுக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மண்ணில் பொறுக்கியது என்று கேலி பேசிய அம்மா உயிரோடு இருந்தால் இங்கே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருப்பான். ஆனால் இவர்கள் பாராட்டுவது வேறு யாரையோ அல்லவா? வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரரிடம் போனான். அவர் பெயர் வீரபாகு. “இத வெச்ச அம்மாவப் பாக்கணும்ங்க” என்றான்.

தேவகி அம்மா அவனை உடனே கண்டுகொண்டார். “சேவூர் வீட்டுக்காரர்தானே? வாங்க, உக்காருங்க. வீரபாகு, ஒரு டீ சொல்லுங்க.” நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீயைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னான். காட்டில் பொறுக்கியது, தாலிக் கயிறு, ஈசானி மூலை, பூசைக்கப்புறம் போட்ட கடப்பாரை, ஒன்று விடவில்லை. கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் செத்துக்கொண்டே வந்தது.

“அன்னைக்கே ஏன் சொல்லலை?”

“பயந்துகினு இருந்துட்டேம்மா.”

அந்த அம்மா கோபிக்கவில்லை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து மாலையை எடுத்து வந்தார். நூலை அறுத்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் மணிகளைக் கொட்டினார்.

“உங்க சம்சாரத்தோடது எதுன்னு சொல்லுங்க. அதை நீங்க எடுத்துட்டுப் போக நான் மேல எழுதி ஏற்பாடு பண்றேன்.”

“உங்களுக்குத் தெரியாதாம்மா?”

“தெரியாதுங்க. எல்லாம் ஒரே கல்லு, ஒரே மாதிரி ஓட்டை. அவங்க காட்டுல பொறுக்கினதும் இந்த மாதிரி ஒரு தொட்டியிலேருந்து மேல வந்ததுதான். இந்தத் தொட்டிப் பொண்ணுக்கும் அந்த மணிக்கும் ஒரே காலமாத்தான் இருக்கும். நீங்கதான் சொல்லணும்.”

சின்னப்பையன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். இது என்ன பெரிய காரியம் என்றுதான் கையை நீட்டினான். ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். இதில் ஒரு கீறல் இருந்ததா? இது கொஞ்சம் தட்டையாக இருந்ததா? எதுவும் ஞாபகம் வரவில்லை. எத்தனை வருஷம், ராத்திரி பகல், ஒரு முழ தூரத்தில் அவள் கழுத்தில் கிடந்தது. குனிந்து கரை நாடா தள்ளும்போது மணி ரவிக்கைக்கு வெளியே வந்து ஆடும், அவள் எடுத்து உள்ளே போட்டுக்கொள்வாள். அது ஞாபகம் இருந்தது. மணி ஞாபகம் இல்லை. அவள் போன பிறகும் டப்பாவைத் திறந்து திறந்து மூடினானே தவிர, மணியை மணியாகப் பார்க்கவில்லை. இருக்கும்போது அவளை ஒரு தடவை நிமிர்ந்து உட்கார வைத்துப் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஈரம் கண்ணை மறைத்து, மணிகள் எல்லாம் ஒன்றாய்க் கலங்கின.

“எத்தனை இருந்துச்சுன்னாவது தெரியுமா?”

“எண்ணலம்மா.”

வீரபாகுவுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு கை அள்ளிக் குடுத்துடுங்கம்மா. பாவம், அவ்ளோ தூரத்துலேருந்து வந்துகிறாரு. எந்த மணியா இருந்தா இன்னா?”

“வேணாம்ணா” என்றான் சின்னப்பையன். “வேற ஒருத்தி மணிய எடுத்துகினு போயி இதான் செல்லம்மான்னு எப்பிடி வெச்சுகினு இருப்பேன்?” பிறகு தேவகி அம்மாவைப் பார்த்து, “பழையபடி கோத்து வெச்சிடுங்கம்மா. நாலு பேரு பாக்கறாங்க இல்ல, அதுவே போதும்.”

“முடியாதுங்க.”

“ஏம்மா?”

“தொட்டியில இருக்கறவ போட்டிருந்ததுன்னு எழுதி வெச்சிருக்கேன். வர்றவங்க அதை நம்பிட்டுப் போறாங்க. தெரியாம வெச்சேன், சரி. இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

“நான் சொல்லலன்னு வெச்சுக்குங்களேன்.”

“சொல்லிட்டீங்களே.”

அந்தக் குரலில் அந்த அம்மாவுக்கும் வருத்தம்தான் இருந்தது. மணிகளை ஒரு துணிப்பையில் போட்டு, உள் அறையில் இழுப்பறை ஒன்றில் வைத்தார். வெளியே வந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் கருப்பு வெல்வெட் வெறுமனே இருந்தது. செல்லம்மாளுடையதை வாங்கிப் போக வந்தவன், தொட்டிக்குள் கிடந்த பெண்ணிடம் இருந்ததையும் பிடுங்கிவிட்டான். தொட்டியின் பக்கம் அவனால் திரும்பவே முடியவில்லை.

“இது உள்ள இருக்கேன்னு நெனைக்காதீங்க” என்றார் தேவகி அம்மா. “யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டணும். அதுக்குத்தான் இந்த எடமே இருக்கு.”

“யாரும்மா வந்து கேப்பாங்க?”

“நீங்க வாங்க.”

ஊருக்குத் திரும்பியதும் பாஞ்சாலை கேட்டாள், “குடுத்தாங்களா?”

“அங்கியே கீது.”

“பாத்தியாவது?”

“பாத்தேன்” என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தான்.

மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நிற்கும். ஊரில் மற்றவர்கள் சீட்டு விளையாடுவார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். சின்னப்பையன் வருஷா வருஷம் மெட்ராஸ் பஸ் ஏறினான். தேவகி அம்மா வேறு யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இவன் யார் என்று தெரியாது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதில் தட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக எடுத்துப் பார்ப்பான். இப்போது அவனுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். எதில் கோடு, எதில் புள்ளி, எது ஓரம் தேய்ந்தது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவான். எது அவளுடையது என்பது மட்டும் தெரியாது. ஒரு வருஷம் ஒன்று அவளுடையது போல இருக்கும், அடுத்த வருஷம் வேறொன்று. திரும்பும்போது தொட்டி இருக்கிற மூலையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிடுவான்.

வீரபாகு ரிடையர் ஆகிற வருஷம் என்று நினைக்கிறேன், எண்பத்தஞ்சோ என்னவோ. நல்ல மழை. மியூசியத்தில் ஆளே இல்லை. வீரபாகு தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

“இந்த வாட்டியாச்சும் தெரிஞ்சுதா?”

“இல்லண்ணா.” சின்னப்பையன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசல் வரைக்கும் போனவன் நின்றான். “ஏண்ணா, அந்தத் தொட்டியில இருக்கற பொண்ணு… அதப் பாக்கணும்னு கேட்டுகினு யாராச்சும் வராங்களா?”

“எல்லாரும் பாக்கறாங்களே, எதுருலதானே கீது.”

“அது இல்ல. அதுக்குன்னு. அதுக்குன்னே பொறப்பட்டு.”

வீரபாகு யோசித்தார். “இத்தினி வருசத்துல அப்பிடி யாரும் வந்து நான் பாக்கல.”

சின்னப்பையன் திரும்பி உள்ளே போனான். அந்த மூலைக்குப் போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு நேர் எதிரில் நின்றான். வாசலில் நின்றதில் சாரல் பட்டுத் தலை நனைந்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டான். குனிந்து, அந்தச் சின்ன எலும்புகளைப் பார்த்து, வீரபாகுவுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

“உன்னுதும் பத்திரமா உள்ள கீது, தாயீ. நான்தான் கலந்துட்டேன். பாக்கறப்ப எல்லாம் உன்னுதையும் சேத்துத்தான் பாத்துட்டுப் போறேன்.”